தேக்கா மாடியில் மூன்று ஞாயிறுகள்

பேத்தியைப் பார்த்துக்கொள்ளத்தான் சிங்கப்பூர் போனேன். மருமகள் நித்யாவின் அம்மா மூன்று மாதம் கூடவே இருந்து பத்தியச் சமையல் செய்து போட்டுவிட்டு ஊர் திரும்பிவிட்டார். அடுத்து என் முறை. பதிவுத்துறையில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். இடமாற்றம் என்ற பெயரில் விருதுநகரைச் சுற்றி ஏழெட்டு ஊர்களில் குடியிருந்திருக்கிறேன். கடல் தாண்டியது இதுதான் முதல் தடவை.

மகன் அருணின் வீடு ஈசூனில், பதினோராவது மாடியில். வாசலைத் திறந்தால் நீளமான பொதுத் தாழ்வாரம். அதன் கைப்பிடிச் சுவரோரம் நின்றால் எதிரே இதே போல இன்னொரு கட்டடம். சன்னலுக்குச் சன்னல் மூங்கில் கழியை நீட்டித் துணி காயப்போட்டிருந்தார்கள். காற்றடிக்கும்போது அத்தனை சட்டைகளும் ஒரே சமயத்தில் கை தூக்கும். நம்மூரில் மொட்டை மாடியில் ஒரு கொடி கட்டினால் போதும். இங்கே ஒவ்வொரு வீடும் வானத்துக்குள் துணியை நீட்டுகிறது.

முதல் சில நாட்கள் அரைத்தூக்கத்திலேயே கழிந்தன. குழந்தை யாழினிக்கு நாலு மாதம். அவள் தூங்கும்போது நானும் தூங்கினேன், அவள் விழிக்கும்போது விழித்தேன். மத்தியானம் எங்கிருந்தோ மேகம் வந்து அரைமணி நேரம் கொட்டும். அப்புறம் ஒன்றுமே நடக்காதது போல வெயில். கண் விழிக்கும்போதெல்லாம் ஊரில் இப்போது என்ன நேரம் என்று யோசிக்கத் தொடங்கி, பாதியில் விட்டுவிடுவேன். குழந்தையின் தலையில் பால் வாசனையும் மழை வாசனையும் கலந்திருக்கும்.

அந்த மயக்கத்திலும் ஒன்று கண்ணில் பட்டது. அருண் பால் புட்டிகளைக் கொதிநீரில் போட்டு எடுத்தான். குழந்தையைக் கட்டிலில் கிடத்தியபடியே துணி மாற்றினான், பேசினான், சிரித்தான். ஒரு தடவைகூடக் கையில் எடுக்கவில்லை.

நித்யா அடுப்படியில் பூண்டு உரித்துக்கொண்டே சொன்னாள். "அத்தை, கவனிச்சீங்களா? அவர் பாப்பாவைத் தூக்கவே மாட்டார்."

"ஆம்பளைங்களுக்கு முதல்ல அப்படித்தான்மா. கழுத்து நிக்கலைன்னு பயம்."

"நாலு மாசமாவா அத்தை? தூக்கினா கை மரத்துப் போகுதாம். நெஞ்செல்லாம் விறைச்சுக்குதாம். கீழ போட்டுருவேனோன்னு நடுங்குறார். ஞாயித்துக்கிழமை ஒரு இடத்துக்குப் போறாரே, அது இதுக்காகத்தான். உங்களையும் கூட்டிட்டுப் போகணும்னு இருக்கார். கேக்கத் தயங்குறார்."

"என்னை எதுக்கு?"

அவள் பூண்டுத் தோலை ஊதித் தள்ளினாள். "அதை அவரே சொல்லட்டும் அத்தை."

அவன் சொல்லவில்லை. சனிக்கிழமை காலையில் என்னைக் கீழே காப்பிக்கடைக்குக் கூட்டிப் போனான். ஒரே கூரைக்குள் பத்துக் கடைகள். ஒருபக்கம் நூடுல்ஸ் ஆவி, ஒருபக்கம் பரோட்டா மாவு வீசும் சத்தம். வந்த காப்பியில் அடியில் கெட்டிப்பால் ஒரு விரல்கடை நின்றது. ஒரு வாய் குடித்துவிட்டு முகத்தைச் சுளித்தேன். பக்கத்து மேசையில் நாளிதழ் படித்துக்கொண்டிருந்த தமிழர் ஒருவர் நிமிர்ந்தார். "அம்மா ஊர்லேர்ந்து வந்திருக்கீங்களா? கோப்பி சி கொசோங்னு கேளுங்க லா. சீனி போடாம பால் மட்டும் ஊத்துவாங்க." அடுத்த நாளிலிருந்து அதையே மந்திரம் போலச் சொல்லிக் குடித்தேன். பேச்சுக்குப் பேச்சு ஒட்டிக்கொண்டு வரும் 'லா' இந்த ஊர் வழக்கம் என்று அருண் சொன்னான்.

மேலே வரும்போது மின்தூக்கிக்குள் அருண் சொன்னான். "நாளைக்குத் தேக்கா போவோமா? எனக்கு ஒரு கூட்டம் இருக்கு. நீயும் வா." எண்கள் மாறுவதைப் பார்த்துக்கொண்டே சொன்னான். என்னைப் பார்க்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமைத் தேக்கா, திருவிழா இல்லாத திருவிழா. லிட்டில் இந்தியாவைத் தமிழர்கள் அப்படித்தான் சொல்கிறார்கள். சிராங்கூன் சாலை முழுக்கக் கட்டட வேலை செய்யும் நம் ஆட்கள், கப்பல் பட்டறை ஆட்கள். புல்தரையில் வட்டமாக உட்கார்ந்து கைப்பேசியில் வீட்டோடு பேசிக்கொண்டிருந்தார்கள். "புள்ளைக்குக் காய்ச்சல் விட்டுச்சா?" என்று ஒரு குரல். "அந்தப் பக்கமாத் திருப்பு, மாடு தெரியட்டும்" என்று இன்னொரு குரல். மல்லிகையும் மசாலாவும் சாம்பிராணியும் ஒன்றாக வந்து முகத்தில் படர்ந்தன. மதுரை மாசி வீதியில் நடப்பது போலவே இருந்தது. ஆனால் யாரும் யாரையும் இடிக்கவில்லை, பச்சை விளக்குக்காக எல்லோரும் நின்றார்கள்.

ஒரு மளிகைக் கடைக்கு மேலே, செங்குத்தான மரப்படி ஏறினால் நீளமான கூடம். தரையெங்கும் பஞ்சு வைத்த பாய்கள். செருப்பை வெளியே விட்டு, கைப்பேசியை ஒரு கூடைக்குள் போட்டோம். ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். நடத்துகிறவர் ஜெயா, இங்கேயே பிறந்து வளர்ந்த தமிழர், மனநல ஆலோசகர். என்னைவிடப் பத்து வயது குறைவு.

"ஆன்ட்டி, பயப்படாதீங்க. இன்னிக்குச் சும்மா பாருங்க" என்று எனக்கு ஒரு தலையணையைச் சாய்த்துப் போட்டார். "சின்ன வயசுல நம்மளக் கட்டிப் பிடிச்சு வெச்சிருக்க வேண்டியவங்க ஏதோ ஒரு காரணத்தால பக்கத்துல இல்லாம போயிட்டா, மூளை மறந்துரும், பாடி மறக்காது. வெறும் பேச்சுல அது சரியாகாது லா. அதனால இங்க ஒருத்தர ஒருத்தர் பிடிச்சுக்கிட்டுப் பேசுவோம். கேக்காமத் தொடக் கூடாது. போதும்னு சொன்னா உடனே விட்டுரணும். பொய் சொல்லக் கூடாது. அவ்வளவுதான் ரூல்."

சாங்கி விமான நிலையத்தில் சரக்கு ஏற்றும் ரஹ்மான் என்பவரும் ஓர் இளம் பெண்ணும் முதுகோடு முதுகு சாய்ந்து உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டார்கள். ரஹ்மான் மலாய் மொழியில் ஏதோ ஒரு சொல்லையே மெல்லத் திரும்பத் திரும்பச் சொன்னார். "அப்பாவக் கூப்பிடறார்" என்றார் ஜெயா.

அடுத்து அருண். என் மகனுக்கு முப்பத்தெட்டு வயது. தாடியில் நரை இறங்கிவிட்டது. நாற்பது பேர் வேலை செய்யும் பிரிவுக்குத் தலைவன். அவன் எழுந்து, எழுபது வயதைக் கடந்த ஒரு சீனப் பெண்மணியின் முன் மண்டியிட்டு ஆங்கிலத்தில் ஏதோ கேட்டான். அவர் தலையசைத்தார். அவன் அவர் மடியில் தலை வைத்துப் படுத்து, காலைச் சுருட்டிக்கொண்டான். அவர் ஒரு கையை அவன் தலையிலும் இன்னொன்றை முதுகிலும் வைத்தார். பெயர் மிஸஸ் லிம். குவீன்ஸ்டவுனில் தனியாக இருக்கிறார். பிறந்த சில நாட்களிலேயே பெண் குழந்தை வேண்டாம் என்று வேறு வீட்டுக்குக் கொடுக்கப்பட்டவராம். மெல்ல, என் மகனுடைய தோள் இறங்கியது. இறுக்கிப் பிடித்த கயிறு தளர்வது போல இறங்கியது.

எனக்கு முகம் எரிந்தது. நம்மூர்க்காரர் யாராவது பார்த்தால் என்ன நினைப்பார்கள் என்று முதலில் தோன்றியது. அதற்கு அடியில் இன்னொன்று இருந்தது. அந்தத் தோள் அப்படி இறங்கி நான் பார்த்ததே இல்லை. எழுந்து, ஓசைப்படாமல் படியிறங்கித் தெருவுக்கு வந்துவிட்டேன்.

டீக்கடையில் அருண் என்னைக் கண்டுபிடித்தான். "ஏம்மா எந்திரிச்சுப் போயிட்ட?"

"டீ குடிக்கணும் போல இருந்துச்சு."

அவன் என் எதிரே உட்கார்ந்தான். என் குவளை நிரம்பியபடி ஆறிப்போயிருந்ததை இருவருமே பார்த்தோம்.

வாரத்தின் நடுவே நித்யா என்னையும் குழந்தையையும் சாங்கி கடற்கரைக்குக் கூட்டிப் போனாள். விமானங்கள் வயிற்றைக் காட்டிக்கொண்டு, சத்தம் பின்னால் வர, தலைக்கு மேல் தாழ்ந்து இறங்கின. கடல் அலையே இல்லாமல் குளம் மாதிரிக் கிடந்தது. தூரத்துக் கப்பல்கள் நகர்கின்றனவா நிற்கின்றனவா என்று தெரியவில்லை. வாழையிலைப் பொட்டலத்தில் தேங்காய்ப்பால் சோறும் நெத்திலி வறுவலும் சாப்பிட்டோம். மிளகாய்ச் சம்பல் நாக்கைச் சுட்டது, ஆனால் விட மனமில்லை.

"அத்தை, அவர் எட்டு வயசுல எப்படி இருந்தார்? சேட்டை பண்ணுவாரா?" என்று நித்யா கேட்டாள்.

அவனுக்கு நாலு வயதாக இருக்கும்போது அவன் அப்பா இறந்துபோனார். அதன்பிறகுதான் எனக்கு வேலை கிடைத்தது. ஆறு வயதில் அவனை மலையடிவாரத்தில் ஒரு விடுதிப் பள்ளியில் சேர்த்தேன். எட்டு வயது அருணைக் கோடை விடுமுறையிலும் தீபாவளிக்கும்தான் எனக்குத் தெரியும். விடுமுறைக்கு வரும் பிள்ளை சேட்டை செய்யாது. விருந்தாளி மாதிரி இருக்கும்.

"ரொம்ப அமைதி" என்றேன். தெரிந்ததைச் சொல்லிவிட்டேன்.

இரண்டாவது ஞாயிறு, பாய் விரிக்க வேண்டும் என்று அருண் முன்னாலேயே கிளம்பிவிட்டான். வா என்று கூப்பிடவில்லை. சாப்பாட்டு மேசையில் என் ரயில் அட்டையை மட்டும் எடுத்து வைத்திருந்தான். நான் அதைச் சுற்றிச் சுற்றி வந்தேன். கடைசியில் நித்யாவிடம் "போயிட்டு வந்துர்றேன்" என்று சொல்லிவிட்டு, புடவை மாற்றிக் கிளம்பினேன்.

ரயில் மரங்களின் தலைக்கு மேலே மிதந்து போனது. சன்னலில் பச்சை ஓடியது, கட்டடங்கள் ஓடின. பிறகு திடீரென்று சுரங்கத்துக்குள் புகுந்து, கண்ணாடியில் என் முகம் மட்டும் மிஞ்சியது. வண்டி மாற வேண்டிய இடத்தில் மாறினேன். ஆனால் எதிர்த் திசை வண்டியில் ஏறிவிட்டேன். ஒரே நிறுத்தம் என்று அருண் சொல்லியிருந்தான். ஒன்று போய், இரண்டு போய், மூன்றாவது வந்தபோது சுற்றியிருந்த முகங்களைப் பார்க்கத் தொடங்கினேன்.

பக்கத்தில் நின்ற ஆள் குனிந்து பார்த்தார். சிமெண்டு வேலையில் கை காப்புக் காய்த்திருந்தது. "அம்மா எங்க போகணும்?"

"தேக்காவுக்குப்பா."

"ஐயோ, நேர் எதிர்ப் பக்கம்ல போய்க்கிட்டு இருக்கீங்க. எறங்குங்க, எறங்குங்க." அவரும் கூடவே இறங்கினார். புதுக்கோட்டைப் பக்கமாம். மறுபக்க வண்டி வரும்வரை நின்றார். "தனியா எங்கம்மா கெளம்பிட்டீங்க?"

"என் பையன் காத்துக்கிட்டு இருக்கான்."

அப்படிச் சொன்ன பிறகுதான் அது உண்மை என்று எனக்கே தெரிந்தது. "அப்ப வெரசாப் போங்க" என்று சிரித்து ஏற்றிவிட்டார். பெயரைக் கேட்க மறந்துபோனேன்.

மாடி ஏறும்போது கூட்டம் தொடங்கியிருந்தது. அருண் கதவைப் பார்த்து உட்கார்ந்திருந்தான். ஜெயா எங்கள் இருவரையும் முட்டியோடு முட்டி படும்படி எதிரெதிரே உட்கார வைத்தார். எனக்கு முழங்கால் மடங்காது என்பதால் ஒரு முக்காலி வந்தது. அவன் கீழே, நான் மேலே. என் இரண்டு கைகளையும் அவன் பிடித்துக்கொண்டான். அவன் கை சில்லென்று இருந்தது.

"அருண், இன்னிக்கு உங்களுக்கு என்ன வேணும்?" என்று ஜெயா கேட்டார்.

"அம்மாகிட்ட ஒண்ணு கேக்கணும்."

"ஆன்ட்டி, பதில் சொல்ல இஷ்டம் இல்லைன்னா வேணாம். சொன்னா உண்மையச் சொல்லுங்க."

அவன் என் முகத்தைப் பார்க்காமல் கைகளைப் பார்த்துக் கேட்டான். "ஹாஸ்டல்ல சேர்த்துட்டுப் போனியே, அன்னிக்கு நான் கேட் கம்பியப் பிடிச்சுக்கிட்டு நின்னேன். நீ திரும்பிப் பார்க்கல. பஸ்ஸுல ஏறி என்னம்மா பண்ண?"

பதில் தயாராக இருந்தது. பஸ் முழுக்க அழுதேன். அதை அவனுக்குக் கடிதத்தில் எழுதியிருக்கிறேன், விடுமுறைகளில் சொல்லியிருக்கிறேன், அவன் கல்யாணத்தன்று வந்தவர்களிடமும் சொன்னேன். சொல்லிச் சொல்லி, நனைந்த முந்தானைகூட எனக்கு நினைவில் இருந்தது. ஆனால் முப்பது வருஷம் ஊரார் கட்டைவிரலைப் பிடித்துப் பத்திரத்தில் ரேகை வைத்தவள் நான். பொய்யாகக் கைநாட்டு வைக்க வந்தவர்களின் விரலை எனக்குத் தெரியும், அது வியர்த்து வழுக்கும். இப்போது என் விரல்கள் அவன் கைக்குள் வழுக்கின.

"தூங்கினேன்" என்றேன்.

அவன் நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தான். நான் தொடர்ந்தேன்.

"பஸ் ஸ்டாண்டுல ரெண்டு தோசை சாப்பிட்டேன். சன்னலோரத்துல இடம் கெடச்சுது. உக்கார்ந்ததும் தூங்கிட்டேன். மதுரை வந்ததும் கண்டக்டர் எழுப்பினார்."

"அழல?"

"அழல. உங்கப்பா போனதுலேர்ந்து ரெண்டு வருஷமா நான் முழுசாத் தூங்கல அருணு. உனக்குக் காய்ச்சல், எனக்கு வேலை, வீட்டுக்காரம்மா சண்டை. அன்னிக்கு எனக்கு லேசா இருந்துச்சு. கஷ்டமும் வந்துச்சு, இல்லைன்னு சொல்லல. அது ரெண்டு மூணு நாள் கழிச்சு உன் சட்டைய மடிக்கும்போது வந்துச்சு. அன்னிக்கு வரல."

ஜெயா மற்றவர்களுக்கு ஆங்கிலத்தில் சொல்வது எங்கோ தூரத்தில் கேட்டது. அருணுக்குத் தொண்டையில் ஒரு சத்தம் வந்தது. அழுகிறான் என்று நினைத்தேன். பாதி சிரிப்பு அது.

"எனக்குத் தெரியும்மா. அப்பவே தெரியும். உன் நடையைப் பார்த்தேன். வேகமாப் போன, பையை வீசிக்கிட்டுப் போன. அப்புறம் நீ அழுதேன் அழுதேன்னு சொல்லச் சொல்ல, நான்தான் தப்பாப் பார்த்துட்டேன்னு நெனச்சேன். என் கண்ணையே நான் நம்பறதில்ல. பாப்பாவைத் தூக்கினா, இவ என்னை நம்பறாளே, நான் இவளக் கீழ வெச்சுட்டு லேசா நடந்து போயிருவேனோன்னு..."

என் மடியில் முகத்தை வைத்தான். எவ்வளவு கனமான தலை. ஆறு வயதுத் தலையைத்தான் என் மடிக்குத் தெரியும். கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் அவன் முதுகில் தட்டினேன், குழந்தையைத் தூங்க வைப்பது போல. மிஸஸ் லிம் எழுந்து வந்து, என் கையைப் பிடித்து அவன் பிடரியில் வைத்து, அதன்மேல் தன் கையை வைத்து அழுத்தி ஏதோ சொன்னார்.

"தட்ட வேணாம், சும்மா வெச்சிருங்கன்னு சொல்றாங்க" என்றார் ஜெயா.

வைத்திருந்தேன். கீழே மளிகைக் கடையில் யாரோ மூட்டையை இறக்கும் சத்தம், தெருவின் இரைச்சல், எல்லாம் தண்ணீருக்கு அடியிலிருந்து கேட்பது போலக் கேட்டது. எத்தனை நேரம் என்று தெரியாது. கொஞ்சம் கொஞ்சமாக அவன் தோள் இறங்கியது.

திரும்பும் வழியில் ரயிலில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து வந்தோம். "கோவம் போகலம்மா" என்றான்.

"சரிப்பா."

"ஆனா இன்னிக்குப் பசிக்குது."

ஈசூனில் இறங்கி இரண்டு பேரும் மீ கோரெங் சாப்பிட்டோம். தக்காளியும் மிளகாயும் போட்டுச் சிவக்க வறுத்த நூடுல்ஸ். அவன் இரண்டு தட்டு சாப்பிட்டான். அடுத்த இரண்டு நாள் என்னோடு அதிகம் பேசவில்லை. நானும் பேச வைக்க முயலவில்லை.

புதன்கிழமை காலை குளித்துவிட்டு, ஈரத்தலையைத் துவட்டிக்கொண்டே வந்தேன். நித்யா கடைக்குப் போயிருந்தாள். அருண் நாற்காலியில் சாய்ந்திருந்தான். அவன் நெஞ்சின்மேல் யாழினி, வாயைத் திறந்துபோட்டுத் தூங்கிக்கொண்டிருந்தாள். அவன் இரண்டு கைகளும் அவள் முதுகில் இருந்தன, நடுங்கின. பாய்ந்து போய் வாங்கிக்கொள்ளத்தான் நினைத்தேன்.

"கிட்ட வராதம்மா" என்று உதட்டை மட்டும் அசைத்துச் சொன்னான். "நானே வெச்சுக்கறேன்."

தாழ்வாரத்துக்குப் போய் நின்றுகொண்டேன். முடி நுனியிலிருந்து தண்ணீர் சொட்டியது. கதவு திறந்தே இருந்தது. உள்ளே அவன் ஏதோ முணுமுணுப்பது கேட்டது, சொற்கள் புரியவில்லை.

மூன்றாவது ஞாயிறு நான்தான் அவனைக் கிளப்பினேன். அன்று மழை, மாடிக் கூடத்துச் சன்னல்களில் வழிந்துகொண்டிருந்தது. ஜெயா வட்டமாக எல்லோரிடமும் கேட்டுக்கொண்டே வந்தார். என் முறை வந்தது. "ஆன்ட்டிக்கு இன்னிக்கு என்ன வேணும்?"

"எனக்கென்ன, ஒண்ணும் வேணாம்" என்றேன்.

"சரி ஆன்ட்டி" என்று அடுத்தவரிடம் போய்விட்டார். யாரும் வற்புறுத்தவில்லை. ஊராக இருந்தால் இரண்டு தடவையாவது கேட்டிருப்பார்கள். ரஹ்மான் பேசினார், அந்த இளம் பெண் பேசினாள். நான் பாயின் விளிம்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு, வகுப்பில் பிள்ளைகள் தூக்குவது போலக் கையைத் தூக்கினேன்.

"ஒண்ணும் வேணாம்னு சொன்னது உண்மையில்ல" என்றேன். "எனக்குக் கொஞ்சம் படுக்கணும். யாராவது பக்கத்துல இருந்தா போதும்."

யாரும் சிரிக்கவில்லை. பாய்களை நகர்த்தி இடம் செய்தார்கள். ஒருக்களித்துப் படுத்தேன். முழங்காலுக்கு அடியில் யாரோ தலையணை வைத்தார்கள். முதுகுக்குப் பின்னால் மிஸஸ் லிம் படுத்து, மெலிந்த கையை என் இடுப்பின்மேல் போட்டார். கற்பூரத் தைல வாசனை அடித்தது. என் வீட்டுக்காரர் போனபிறகு என் முதுகில் இன்னொரு உடம்பின் சூடு பட்டது அன்றுதான். எதிரே அருண் உட்கார்ந்திருந்தான். அழுகை வரும் என்று காத்திருந்தேன். மழைச் சத்தம்தான் வந்தது, பிறகு அதுவும் விலகிப் போனது.

கண் விழித்தபோது மழை விட்டிருந்தது. சன்னலில் சாய்ந்த வெயில். மற்ற பாய்களையெல்லாம் சுருட்டிச் சுவரோரம் அடுக்கியிருந்தார்கள். பெரிய வெற்றுக் கூடத்தின் நடுவே என் பாய் மட்டும் விரிந்திருந்தது. மிஸஸ் லிம்முடைய பின்னல் சால்வை என்மேல் கிடந்தது. எல்லோரும் போய்விட்டிருந்தார்கள். அருண் மட்டும் காலை நீட்டித் தரையில் உட்கார்ந்திருந்தான்.

"ஏன்டா எழுப்பல?" என்று பதறி எழப்போனேன்.

"கடைசி பஸ்ஸா போகப்போகுது? படும்மா" என்றான்.

நான் மறுபடி படுத்துக்கொண்டேன்.